பத்து மணிக்குக் கிளம்பாதீர்கள்: பாலைவனப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, களிம்பு எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே ஊரில் பழகிய நேரத்தையும் எடுத்துப்போவதுதான் வினை. நிதானமாக எழுந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால், பறவைகள் அதற்குள் இரை தேடி முடித்துப் புதர் நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். வெறும் கல்லையும் மண்ணையும் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புவீர்கள். விடியலுக்கு முன்பே நடையைத் தொடங்குங்கள். வெயில் ஏறும்போது கூடாரத்துக்கோ வண்டிக்கோ திரும்பிவிடுங்கள்.

வானிலை அறிவிப்பை மட்டும் நம்பி நடையைத் திட்டமிடுவதும் பிழை. அது சொல்வது காற்றின் வெப்பத்தை, அதுவும் நிழலில் அளந்ததை. அமெரிக்காவின் டெத் வேலியில் 1972 ஜூலை 15 அன்று காற்று 53.3 டிகிரி செல்சியஸ், தரையோ 93.9 டிகிரி. களைத்துப்போனவர் வெயிலில் காய்ந்த மணலிலேயே உட்காருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாற்றுவது நம் உடம்புதான். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் சட்டை நனைவதில்லை. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நடக்கிறவருக்கு அதுவும் போதாது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் தலை சுற்றும். போகும் வழிக்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்பி வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கு தீர்ந்த இடத்தில், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புங்கள்.

கூடாரம் போடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வறண்ட ஆற்றுப் படுகையின் மணல் மெத்தை போல இருக்கும். இரண்டு கரையும் காற்றைத் தடுக்கும். முதல்முறை போனபோது நானும் அங்கேதான் கூடாரத்தைப் பிரித்தேன். உடன் வந்த பெரியவர் திட்டி எழுப்பி மேட்டுக்கு ஏற்றினார். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. பல கிலோமீட்டர் தொலைவில் பெய்தாலும், இறுகிய தரை அதை உறிஞ்சாது. திரண்டு காட்டாறாக இறங்கிவிடும். அன்று இரவு மழை வரவில்லை என்பது வேறு விஷயம். மேட்டிலும் மணலாக இருந்தால் முளை நிற்காது. பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் நிற்கும். இவ்வளவையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். பிறகு குளிர் வரும். மேகமும் ஈரமும் இல்லாத வானம் பகல் வெப்பத்தைத் தக்கவைப்பதில்லை. கம்பளிச் சட்டை இல்லாமல் போனவர்கள் விடியும்வரை விழித்திருப்பார்கள். காலையில் காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

வண்டி மணலில் சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். டயர்க் காற்றைக் குறைத்து, மண்ணை வாரிவிட்டு, மெல்ல எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். வண்டி நின்றே போனால் உதவி தேடி நடக்காமல் அதன் அருகிலேயே இருங்கள். தேடி வருகிறவர்களுக்கு நடந்துபோகும் மனிதரைவிட வண்டி சீக்கிரம் தென்படும். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தால்தான் தேடவும் யாராவது வருவார்கள்.

பறவை பார்க்கிறவர்களின் தவறுகளால் துன்பப்படுவது பறவைகளே. பாலைவனத்தில் பல பறவைகள் வெறும் தரையில், கூழாங்கல் நிறத்தில் முட்டையிடுகின்றன. நண்பகலில் அவை முட்டையின் மேல் நிற்பது சூடேற்ற அல்ல, நிழல் தர. ஒரு படத்துக்காக நெருங்கித் தாயை எழுப்பிவிட்டால் சிறிது நேரத்திலேயே முட்டை வெந்துவிடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். வெயிலில் அவற்றுக்கு வீணாக்கச் சக்தி இல்லை.

நீர்நிலைக்கு அருகே கூடாரம் போட்டால் எதுவும் குடிக்க வராது. கல்கௌதாரிகள் தொலைவிலிருந்து நீர் தேடிப் பறந்து வருகின்றன; ஆண் பறவை வயிற்றுச் சிறகை நனைத்துக் குஞ்சுகளுக்கு நீர் சுமந்துபோகிறது. அதைக் காண ஆசைப்பட்டால் விடியும்போதே தள்ளி வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருங்கள். வண்டியைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கதவைத் திறந்து காலை வெளியே வைத்ததுமே கூட்டம் மொத்தமும் எழுந்துவிடும்.