சித்தூர் என்று தேடினால் எந்தச் சித்தூர்?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளுக்குச் சித்தூர் வட்டத்தைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். முதல் பக்கத்திலேயே காணிப்பாக்கம் விநாயகர் வீற்றிருந்தார்! கூகுளில் ‘சித்தூர் கோயில்’ என்று மட்டும் தேடியிருக்கிறாள். அது அவளை ஆந்திரத்துக்கு அழைத்துப் போய்விட்டது. போதாக்குறைக்கு ராஜஸ்தான் கோட்டையையும் நம் புத்தகங்கள் சித்தூர் என்றே எழுதுகின்றன.

ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. கூடவே ‘பாலக்காடு’ சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சொல்லை ஒட்டிக் கழித்தல் குறி போட்டு ‘-ஆந்திரா’ என்று அடித்தால், அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. எங்கள் சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படைத் திருவிழா அதன்பிறகுதான் அவள் கண்ணில் பட்டது.

இதைவிட மோசம், பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவது. தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரைப் பற்றி எழுத, ‘தமிழ்நாடு ஏன் தண்ணீர் தரவில்லை’ என்று கேட்டிருந்தாள். வந்ததெல்லாம் புகார்ச் செய்திகள். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பையன் ‘கேரளா ஏன் கூடுதலாகக் கேட்கிறது’ என்று தேடினால் அவனுக்கும் அவன் ஊர்ப் புகார்தான் கிடைக்கும். சண்டையைத் தட்டச்சு செய்தால் சண்டைதான் வரும். ‘பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் மணக்கடவு’ என்று பெயர்களை மட்டும் போடச் சொன்னேன். பிறகு அதையே மலையாளத்திலும் தேடினாள். எல்லையோரப் பிள்ளைக்கு இரண்டு மொழியும் தெரியும். அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

தேடல் முடிவுகளுக்கு மேலே பெட்டி கட்டி வரும் பதிலை அப்படியே எழுதுவது இன்னொரு தவறு. ஒப்பந்த ஆண்டு ஓரிடத்தில் 1958, இன்னோரிடத்தில் 1970 என்று இருந்தது.

“எது மாமா சரி?”

இரண்டுமே சரி. 1970 மே 29 அன்று கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. பெட்டிக்குள் இருந்த ஒற்றை ஆண்டு இந்தக் கதையைச் சொல்லவில்லை. உள்ளே போய் முழுப் பக்கத்தையும் வாசித்த பிறகே விளங்கியது.

பல சொற்கள் சேர்ந்த பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் அதே வரிசையில் தேடும். இது சின்ன விஷயம்தான், ஆனால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

எடுத்த இடத்தைக் குறிக்காமல் விட்டதால்தான் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. நோட்டில் ‘7.25 டி.எம்.சி.’ என்று மட்டும் இருந்தது. எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்று இல்லை. உலாவியின் வரலாற்றைத் துழாவி அந்தப் பக்கத்தை மீண்டும் பிடித்தோம்: மணக்கடவில் கேரளத்துக்கு ஓர் ஆண்டுக்குத் தரவேண்டிய தண்ணீர் அது. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் இணையமுகவரி எழுதுகிறாள்.