தொங்கிப்போன மணிக்கட்டு: நரம்பு தேறும்வரை கையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடி அசந்து தூங்கிவிட்டு எழுந்தால், மணிக்கட்டு தொங்குகிறது. எவ்வளவு முயன்றாலும் மேலே வருவதில்லை. மேல்கை எலும்பை ஒட்டிப் பின்பக்கமாகச் சுற்றி இறங்கும் ரேடியல் நரம்பு, மணிக்கணக்கில் நசுங்கியதன் விளைவு இது. அந்த எலும்பு முறிந்தாலும் இதே நிலை வரலாம்.

வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா, காலும் சேர்ந்து பலவீனமாக இருக்கிறதா? அது பக்கவாதமாக இருக்கலாம். மேற்கொண்டு படிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

படி 1: எது அசைகிறது என்று பாருங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்கையை மேசைமேல் வைத்து, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுங்கள். மணிக்கட்டையும் விரல்களையும் தூக்க முடியாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கை மரத்திருந்தால் ரேடியல் நரம்பைச் சந்தேகிக்கலாம். அதை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

படி 2: பிடியைச் சோதியுங்கள். பலரும் பயப்படுவது இங்கேதான். டம்ளர்கூட நழுவும். ஆனால் விரல்களை மடக்கும் தசைகளுக்கு மீடியன், அல்னார் என்ற வேறு இரண்டு நரம்புகள் இருக்கின்றன. மணிக்கட்டு கீழே தொங்கும்போது அந்தத் தசைகளுக்கு இழுக்க வாகில்லை, அவ்வளவுதான். மற்றக் கையால் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே டம்ளரைப் பிடித்துப் பாருங்கள். பிடி இறுகும். இதைப் பார்த்தபிறகு பாதி பயம் போய்விடும்.

படி 3: ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு, போடுங்கள். மணிக்கட்டைச் சற்றே மேல்நோக்கி நிறுத்தும்படி பிசியோதெரபிஸ்ட் பொருத்தித் தருவார். அதைப் போட்டுக்கொண்டே சாப்பிடலாம், எழுதலாம். இறுக்கிக் கட்டாதீர்கள்.

படி 4: தினமும் சில தடவை அதைக் கழற்றி, மற்றக் கையால் மணிக்கட்டையும் விரல்களையும் மெதுவாக நிமிர்த்தி மடக்குங்கள். நரம்பு தேறி வரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால், அந்த இழப்பை நாமே தேடிக்கொண்டதாகிவிடும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

படி 5: காத்திருங்கள், ஆனால் கணக்கோடு. நரம்பு வெறுமனே நசுங்கியிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பு மின்சோதனையைப் பொதுவாக மூன்று வாரம் கழித்துச் செய்வார்கள். பெரும்பாலும் முதலில் மணிக்கட்டு அசையும், அப்புறம் விரல்கள், கடைசியில் கட்டைவிரல். வாரம் ஒருமுறை படி 1-ஐச் செய்து தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதமாகியும் துளி அசைவு இல்லையென்றால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் போய்ப் பாருங்கள்.