பொலிவியா: எந்த ஊரை முதலில் பார்ப்பது?

பொலிவியாவுக்குப் போகிற பலர் நேராக லா பாஸுக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அந்த விமான நிலையம் எல் ஆல்டோவில், 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரம் பழகாததால், இறங்கிய அன்றே தலைவலி, குமட்டல் என்று படுத்துவிட நேரலாம். இந்த நாட்டில் ஊர்களைப் பார்க்கும் வரிசைதான் முதல் மருந்து.

சாண்டா குரூஸில் (சுமார் 400 மீ.) இறங்குங்கள். அங்கிருந்து சுக்ரேவுக்கு (2,800 மீ.) விமானத்தில் போங்கள், பஸ் என்றால் மலைப்பாதையில் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். சுக்ரேயில் மூன்று இரவு தங்கினால் உடம்பு பழகிவிடும். நடுவில் ஞாயிறு வந்தால் தாராபுகோ சந்தைக்குப் போய் வரலாம். அடுத்தது உப்புப் பாலையின் ஓரத்து ஊரான உயுனி (3,660 மீ.). வழியில் இருக்கும் பொட்டோசியும் 4,000 மீட்டருக்கு மேல்தான். பகலில் சுற்றிப் பாருங்கள், இரவு தங்க வேண்டாம். தூங்கும் உயரம்தான் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் அது இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பார்கள். சுக்ரேயிலிருந்து உயுனிக்கு ஏறுவதே இதைத் தாண்டுவதால், அங்கே இரண்டு இரவு கழித்த பிறகே உப்புப் பாலைக்குக் கிளம்புங்கள். உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசெட்டசோலமைடு 125 மி.கி. காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கவே கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

உயுனியிலிருந்து மூன்று நாள் ஜீப் பயணம்தான் இந்த நாட்டின் உச்சம். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஜீப்பில் எத்தனை பேர், ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, இரண்டாம் இரவு எங்கே? ஏனெனில் அந்த இரவு பெரும்பாலும் 4,300 மீட்டர் அருகே, ஹீட்டர் இல்லாத அறையில். ஜூன், ஜூலையில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக்கை வாடகைக்கு எடுத்து, போனையும் கேமரா பேட்டரியையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்தால் குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். விடியும் முன் கிளம்பினால்தான் சோல் தெ மன்யானா என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியில் ஆவி திரளாக எழுவதைப் பார்க்க முடியும். மழை இல்லாத மாதங்களில் உப்புத் தரை அறுகோணங்களாக வெடித்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் தேங்கி வானம் காலடியில் தெரியும், ஆனால் கள்ளிச்செடிகள் நிற்கும் இன்காவாசி தீவுக்கு ஜீப் போகாமல் போகலாம். இரண்டு காலத்திலும் கூலிங் கிளாஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

கடைசியாக லா பாஸும் திதிகாகா ஏரியும். ஏரிக்கரை ஊரான கோபகபானா போகும் வழியில் திக்கினா நீரிணையில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். பஸ் மரத் தெப்பத்தில் ஏறும், நாம் தனிப் படகில், தனி டிக்கெட் வாங்கிக் கடக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, பஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கரையில் ஒரே மாதிரி பஸ்கள் வரிசையாக நிற்கும்.

மதியச் சாப்பாடு 'அல்முவெர்சோ': ஒரு சூப், ஒரு தட்டு சோறு. சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். 'சின் போயோ'வும் (கோழி இல்லாமல்) சேர்த்துச் சொல்ல வேண்டும். சூப் பெரும்பாலும் எலும்பு போட்டுக் காய்ச்சியதுதான். நீங்களே சமைப்பதானால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, லா பாஸில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சந்தையில் 'போயேரா' என்ற கொசுவம் வைத்த அகலப் பாவாடை அணிந்த பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே பிடிக்காது. 200 பொலிவியானோ நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கடினம், பெரிய கடையிலேயே மாற்றி வையுங்கள்.

சாலை மறியல் அங்கே அடிக்கடி நடக்கும், அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் சும்மா விடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அது இல்லாமல் பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். அங்கே கோக்கா இலை டீ சட்டப்படி கிடைக்கும், ஆனால் ஒரு பாக்கெட்கூடப் பெட்டியில் வைத்து எடுத்து வராதீர்கள், இங்கே அது போதைப்பொருள் வழக்கு.