ஊர்ப்பெயரில் ஒரு யூசர்நேம்: திருகோணமலைக்காரருக்குச் செய்முறை

சொந்தப் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து யூசர்நேம் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்தப் பெயரை வேறு யாராவது எப்போதோ எடுத்திருப்பார்கள். பிறகு வால் போல நான்கைந்து இலக்கங்கள் ஒட்டும், பொருளே இல்லாமல் போய்விடும். நம் ஊரில் சொல்லுக்கா பஞ்சம்?

படி 1: சொல்லை எடுங்கள்

பொருள் உடைத்துச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கட்டும். நிலாவெளி என்றால் நிலாவும் வெளியும். உப்புவெளி என்றால் உப்பும் வெளியும். இன்னும் பழசு வேண்டுமா? சம்பந்தர் தேவாரத்தில் பாடிய ‘கோணமாமலை’ இருக்கிறது. ஆங்கில எழுத்தில் 11 எழுத்து. அழகான பெயர்தான், ஆனால் ‘எம்-ஏ’ அடுத்தடுத்து இரண்டு தடவை வருவதால் தட்டச்சு செய்பவர் ஒன்றை விட்டுவிடுவார்.

படி 2: எழுத்தை எண்ணுங்கள்

எக்ஸ் தளத்தில் உச்சம் 15 எழுத்து, ஜிமெயிலில் குறைந்தது 6. ஜிமெயில் அடிக்கோட்டை ஏற்காது. எக்ஸும் டெலிகிராமும் புள்ளியை ஏற்கா. எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் 6 முதல் 15 வரை, வெறும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும். ‘திருகோணமலை’யை ‘டீ-எச்’ போட்டு முழுதாக எழுதினால் 14 ஆகிவிடும், மிச்சம் ஒரே ஓர் இடம். ‘டிரிங்கோ’ 6 எழுத்துத்தான்.

படி 3: எழுத்துக்கூட்டை உறுதி செய்யுங்கள்

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். கொட்டியாரத்தின் ‘ட்ட’வை நம் பக்கத்தில் இரண்டு ‘டி’ (நாயின் ‘டாக்’கில் வருவது) போட்டு எழுதும் வழக்கம் உண்டு, தமிழ்நாட்டில் உள்ளவர் ‘டீ’க்கு வரும் எழுத்தைத்தான் இரண்டு தடவை அடிப்பார், உங்களைக் கண்டுபிடிக்கமாட்டார். கன்னியா, கிண்ணியா இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ‘ஏ’ போய் ‘ஐ’ விழுந்தால் வெந்நீர்க் கிணற்றடியில் இருந்தவர் வேறோர் ஊரில் நிற்பார். ட, ண, ற, ழ வராத சொல்லே பத்திரம். நிலாவெளியைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே 8 எழுத்தில் எழுதிவிடலாம்.

படி 4: இலக்கம் வேண்டுமானால்

பொருளுள்ள இலக்கம் போடுங்கள். கன்னியாவுக்கு 7, அங்குள்ள ஏழு கிணறுகளுக்காக. ஊரைச் சொல்ல 026, நம் தொலைபேசிக் குறியீடு. இதை முன்னால் வைக்காதீர்கள். டெலிகிராமில் பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ‘டிரிங்கோ’வுக்குப் பின்னாலும் வேண்டாம், கடைசி ‘ஓ’வும் பூச்சியமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். நிலாவெளி026 தெளிவாக நிற்கும், மொத்தம் 11.

பிறந்த திகதியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டி. 2001 ஜனவரி 20 என்றால் ஆணுக்கு 2001020, பெண்ணுக்கு 2001520. திகதியைப் பெயரில் வைத்தால் அட்டையின் முதல் ஏழு இலக்கங்களை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

படி 5: சொல்லிப் பாருங்கள், பிறகு பதியுங்கள்

ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். எழுத்து மாறினால் படி 3க்குத் திரும்புங்கள். சரியாக வந்தால் தேவையான தளங்கள் அத்தனையிலும் அன்றைக்கே பதிந்துவிடுங்கள். ஓரிடத்தில் யாராவது எடுத்திருந்தால் இலக்கத்தைக் கூட்டாமல் தொழிலைச் சேருங்கள்: நிலாவெளியோடு ‘போட்டோஸ்’ சேர்ந்தால் 14, எக்ஸிலும் இடம் போதும்.