நாய்க்கு டிஸ்க் வலி திரும்பி வந்தால்

டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீள உடம்பு நாய்களுக்கு முதுகு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டு) தொல்லை ஒருமுறை வந்தால் மறுபடியும் வரலாம். அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், முக்கிய வைத்தியம் ஓய்வுதான்: பொதுவாக 4 முதல் 6 வாரம் கூண்டுக்குள். மாத்திரையில் வலி குறைந்ததும் துள்ளப் பார்க்கும். அப்போதுதான் கதவைத் திறந்து விடவே கூடாது. சிறுநீர் கழிக்கத் தூக்கிப் போகும்போது ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்புறத்துக்கடியில், முதுகு வளையாமல். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. சோபாவில் தாவுவது குணமான பிறகும் வேண்டாம். எடையும் ஏறக்கூடாது, கெஞ்சும் கண்களுக்கு மசியாதீர்கள். அப்புறம், நாம் போடும் வலி மாத்திரையான இபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு. பின்னங்கால் இழுபட்டாலோ சிறுநீர் வராவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.