பேலிட்ஸ் ஷ்பார்கல் திருவிழாவுக்குக் கிளம்புகிறீர்களா? நான் சறுக்கிய இடங்கள்

பெர்லினுக்குத் தென்மேற்கே, பிராண்டன்பர்க் மணல் பூமியில் இருக்கிற சின்ன ஊர் பேலிட்ஸ். 1861-லிருந்து அங்கே அஸ்பாரகஸ் பயிராகிறது. ஜெர்மன்காரர்களுக்கு அது ஷ்பார்கல். நம்மூர் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் இதில் சாப்பிடுவது இளந்தண்டை. ஜூன் தொடக்கத்தில் இந்த ஒரு காய்க்காக ஊரே திருவிழா எடுக்கிறது.

முதல் தடவை போனபோது ஸ்டேஷனிலேயே கோட்டை விட்டோம். பேலிட்ஸ் ஹைல்ஷ்டெட்டன் என்று ஒரு நிறுத்தம் வரும், பெயரைப் பார்த்ததும் இறங்கிவிடத் தோன்றும், ஆனால் அது காட்டுக்குள் இருக்கிற பழைய காசநோய் மருத்துவமனை வளாகத்துக்கான நிறுத்தம். திருவிழா நடக்கிற பழைய ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. நீங்கள் இறங்க வேண்டியது பேலிட்ஸ் ஷ்டாட், ஆர்பி 33 ரயில். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாக் கடையிலும் கார்டு வாங்க மாட்டார்கள், கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். பானம் வாங்கினால் கிளாஸுக்குத் தனியாக முன்பணம் பிடிப்பார்கள், அதற்குப் பெயர் ஃபாண்ட். சில கடைகளில் கூடவே ஒரு பிளாஸ்டிக் வில்லையும் தருவார்கள். என் பையன் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து எங்கோ போட்டுவிட்டான், கிளாஸ் கையில் இருந்தும் காசு திரும்பவில்லை.

சைவக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். காய் விழாதானே என்று மெனுவில் ஷ்பார்கல் என்ற சொல்லை மட்டும் பார்த்து ஆர்டர் செய்தால், தட்டில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் பன்றித் தொடை இறைச்சியும் சேர்ந்தே வந்துவிடும். "ஓனே ஷிங்கன்" என்று சொல்லுங்கள், இறைச்சி வராது. மேலே ஊற்றுகிற மஞ்சள் ஹாலண்டைஸ் சாஸ் முட்டைக்கருவும் வெண்ணெயும். காரம் சுத்தமாக இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகவும் கூடாது.

சரி, வீட்டுக்கு வாங்கிப் போகிறீர்கள். பெரும்பாலானவர்கள் தடிமனைப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்பக்கத்து வெட்டு: ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்து பழுப்பேறி இருந்தால் பழசு. இரண்டு தண்டை ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று சத்தம் வந்தால் புதுசு. விற்கிற அம்மாவே சிரித்துக்கொண்டு உரசிக் காட்டினார். ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். உடைந்த துண்டுகள் விலை குறைவு, பொரியலுக்கு அது போதும்.

அப்புறம் தோல். வெயிலே படாமல் மண் மேட்டுக்குள் வளர்வதால்தான் இது வெள்ளை, பச்சை ரகம் மாதிரி அப்படியே வேகவைக்க முடியாது. மொட்டுக்குக் கீழிருந்து அடிவரை சீவியே ஆக வேண்டும், நான் சீவாமல் சமைத்து, கரும்புச் சக்கை மாதிரி மென்று துப்பினோம். சீவிய தோலையும் வீசாதீர்கள், கொதிக்க வைத்து வடிகட்டினால் சூப்புக்கு ஆகும்.

இந்த வாரம் முடியாவிட்டால் ஜூலையில் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஜூன் 24-ஆம் தேதியோடு, அடுத்த வருஷத்துக்குச் செடி தேறட்டும் என்று அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.