மின் உற்பத்தி பற்றி நாம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்பவை

பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்புறம் ஒயரை மாட்டிச் சுற்றுங்கள். விளக்கு எரியும்போது சக்கரம் கொஞ்சம் கனப்பது கைக்கே தெரியும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் அந்த உழைப்புதான் வெளிச்சமாகிறது.

பெரும்பாலான மின்நிலையங்களில் நடப்பதும் இதேதான். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்னோட்டம் உண்டாகும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். ஜெனரேட்டர்கள் இன்றும் அந்த விதிப்படிதான் ஓடுகின்றன. அதனால் எந்த மின்நிலையத்தைப் பற்றிப் படித்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே ஜெனரேட்டரைச் சுற்றுவது எது? இதைக் கேட்காமல் விடுவதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன.

அணுமின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அணுவைப் பிளந்ததும் நேரடியாக மின்சாரம் வந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். யுரேனியம் பிளவுபடும்போது நமக்குக் கிடைப்பது வெப்பம். அந்த வெப்பத்தில் தண்ணீர் நீராவியாகி, டர்பைன் என்ற இறக்கைச் சக்கரத்தைச் சுற்றுகிறது; அதுதான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. நிலக்கரி நிலையத்திலும் நீராவிதான், அடுப்பு மட்டும் வேறு.

இந்த நிலையங்களில் இடுப்பு சிறுத்த பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாக எழுவதைப் புகை என்று எண்ணுவது அடுத்த தவறு. அவை குளிர்விக்கும் கோபுரங்கள். வெளியே வருவது ஈரக்காற்றும் நீர்த்துளிகளும்தான். சாதாரண நிலக்கரி நிலையத்தில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சத்தின் பெரும்பகுதி இப்படித்தான் வெளியேறுகிறது. உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய கார்பன் டை ஆக்சைடு நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி வழியாகப் போகிறது. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இந்தத் தவறைத் திருத்திக்கொள்வது முக்கியம் என்கிறேன்.

நீர்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். போகாது. மேலிருந்து விழும் தண்ணீரின் உயரத்தையும் வேகத்தையும்தான் டர்பைன் பயன்படுத்திக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளும் தாதுக்களும் அப்படியே இருக்கும்.

காற்றாலையில் வேறொரு கணக்கு தவறுகிறது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். காற்றாலைக்கு இடம் தேர்ந்தெடுக்க அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

சரி, சோலார் பேனலில் சுற்றுவது எது? எதுவுமே இல்லை. ஒளி சிலிக்கானில் பட்டு எலக்ட்ரான்களை நகர்த்துகிறது, மின்சாரம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இது புரியாததால்தான் 'வெயில் கொளுத்தினால் நிறைய மின்சாரம் கிடைக்கும்' என்கிறோம். பேனலுக்குத் தேவை வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பேனலின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவு, பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கணக்கிட்டது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கடும் வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 16 சதவீதம் இழப்பு. பேனலுக்கு அடியில் காற்றோட இடைவெளி விடுவது இந்த இழப்பைக் குறைக்கத்தான். வானம் தெளிவாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும் நாள்தான் பேனலுக்கு நல்ல நாள்.

பேட்டரியையும் ஹைட்ரஜனையும் ஆற்றல் மூலங்களின் பட்டியலில் சேர்க்காதீர்கள். வேறெங்கோ கிடைத்த ஆற்றலை அவை சேமித்துத் தருகின்றன, அவ்வளவுதான்.

கடைசியாக, செய்திகளில் அதிகம் தடுமாற வைக்கும் மெகாவாட். அது நிலையத்தின் திறன், உற்பத்தியின் அளவு அல்ல. 1 மெகாவாட் நிலையம் நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 24,000 யூனிட் (கிலோவாட்-மணி) தரும். அணுமின் நிலையம் நன்றாக ஓடும்போது இதை நெருங்கும். சூரியனுக்கு இரவும் மேகமும் உண்டு. நல்ல வெயில் உள்ள இடத்திலும் 1 மெகாவாட் சோலார் நிலையம் சராசரியாக நாளுக்கு 5,000 யூனிட் அளவில்தான் தரும். இரண்டு நிலையங்களை ஒப்பிடும்போது மெகாவாட்டோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் தேடிப் பாருங்கள்.